கடிகாரத்துக்குள் அணில்

"அணில் கடிகாரத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு மணியடிக்குதே, அந்த இடம்! என் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாம்மா. கண்ணு போனப்புறம்தான் உங்க கதைக்குக் கண்ணு திறந்திருக்கு," என்றார் பதிப்பாளர்.

கதைக்காரி புன்னகைத்தாள். அவள் சொன்ன கதையில் கடிகாரமே கிடையாது.

மொட்டைவால் அணில் அவள் பெற்ற பிள்ளை மாதிரி. அதன் கதைகளைப் படித்து வளர்ந்த குழந்தைகளுக்கே இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள். பார்வை போனபின் அவள் சொல்லச் சொல்ல, எழுதுவது நாத்தனார்.

புருஷனோடு வாழப் பிடிக்காமல் ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நாத்தனார். எதைக் கேட்டாலும் "எனக்கென்ன தெரியும்" என்பாள். கோப்பையைக்கூடச் சத்தம் வராமல்தான் வைப்பாள்.

போன வருடம் அச்சான புத்தகத்தைக் கணவர் வாசித்துக் காட்டியபோதே கதைக்காரிக்குத் தெரிந்துவிட்டது. வயிறு எரிந்தது. ஆனாலும் அடுத்த பக்கத்தையும் வாசிக்கச் சொன்னாள். கடிகாரம் வந்த இடத்தில் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

பதிப்பாளர் போனார். வாசல் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"அண்ணி... அந்தக் கடிகாரம்..." நாத்தனார் தயங்கினாள்.

"நான்தான் ஏதாவது உளறியிருப்பேன். வயசாச்சுல்ல? பேனாவை எடு."

தொண்டை கமறியது. முதுகு விண்ணென்று தெறித்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. தினமும் இப்படித்தான் இருக்கிறது.

'இனிமேல் நீயே எழுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓய்வு கிடைத்துவிடும். ஆனால் இவள் அரண்டுபோய், பேனாவை வைத்துவிட்டு அடுக்களைக்குள் புகுந்துகொள்வாள். பிறகு ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

கதைக்காரி ஆரம்பித்தாள். மரப்பொந்து, மொட்டைவாலோடு பிறந்த அணில், அதைப் பார்த்துக் கேலி செய்த காக்கை. எதிரே இருப்பவளின் யோசனை கலையாதபடி, குரலைத் தாழ்த்தி, இழுத்து இழுத்துச் சொன்னாள்.

பேனா கரகரவென்று ஓடியது. அவள் இருமியபோதும் ஓடியது. மூச்சு வாங்க நிறுத்தியபோதும் நிற்கவில்லை.

அவள் சொல்லிக்கொண்டிருந்தது என்றைக்கோ அச்சில் வந்துவிட்ட தன் முதல் புத்தகத்தை. போன வருடத்திலிருந்து அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறாள்.

நாத்தனார் இன்னும் கவனிக்கவில்லை.