மூன்று புள்ளி, ஒரு கோடு

மைக்குப்பியைக் காணவில்லை.

ஒன்பது மணிக்கு வேன் வந்துவிடும். மணி எட்டு பத்து. கற்பகம் இஸ்திரி மேசைக்கு அடியிலும் அரிசி டின்னுக்குப் பின்னாலும் கைவிட்டுத் துழாவிவிட்டாள். மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் துணிக்குக் குறி போடுகிற வீட்டில், பெற்ற பெண்ணின் துணிக்குக் குறி போட மை இல்லை.

கட்டில்மேல் சுபாஷிணியின் பை வாயைப் பிளந்து கிடந்தது. வயநாட்டில் பத்து நாள் கோடை முகாம். பரீட்சை எழுதித் தேர்வான எட்டுப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் மலையாளத்தில் வந்திருந்தது. கடைசி வரியைச் சுபாஷிணி இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். எல்லாப் பொருளிலும் அடையாளம் வேண்டும். அடையாளம் இல்லாதது தொலைந்தால் முகாம் பொறுப்பல்ல.

இந்த வீட்டுத் துணிக்கு இதுவரை அடையாளமே கிடையாது. கற்பகத்தின் புருஷன் முத்துவேல் தோபிகானா என்கிற சலவைத்துறையில் துவைப்பது நாற்பது வீட்டுத் துணி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி, உள்மடிப்பில், வெளியே தெரியாமல். குறி இல்லாதது எதுவோ அது நம்முடையது. அதுதான் வழக்கம்.

நேற்றுச் சாயங்காலம்தான் மகளுக்கென்று புதிதாக ஒரு குறி யோசித்து, ஒரு சட்டையில் போட்டுக் காட்டினான். மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. எந்த வாடிக்கைக்கும் இல்லாத குறி. மீதியைக் காலையில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டான். பத்து மணிக்குள் அவன் திரும்பியாக வேண்டும்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கற்பகத்துக்கு இடது மார்பில் கட்டி. நாளைக்கு ஆபரேஷன்.

இது சுபாஷிணிக்குத் தெரியாது. தெரிந்தால் போகமாட்டாள். போன வருஷம் அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்ததற்கே பள்ளிக்கூடம் போகாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண். அதனால்தான் கற்பகம் தன்னுடைய பச்சைப் பையைக் கட்டிலுக்கடியில், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். மகள் செருப்பைத் தேடிக் குனிந்தால்கூட முந்திக்கொண்டு தானே எடுத்துக் கொடுத்தாள்.

குளித்துவிட்டு வந்த சுபாஷிணி வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். கற்பகம் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாக இருந்தன. குப்பி எங்கடி என்று கேட்டாள்.

"கொட்டிப் போயி, அம்மா."

பால் வாங்கப் போய் வந்த அரைமணி நேரத்துக்குள் இந்த வேலை. ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கற்பகத்தின் கைக்கு வந்துவிட்டது. தோளில் ஒன்று வைத்தாள், பலமாகவே.

பெண் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்து நாள் பிரியப் போகிற பிள்ளையை, அதுவும் இப்படி ஒரு நாளில் அடித்துவிட்டோமே என்று கற்பகத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தரையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதாவிடம் ஓடி ஒரு மார்க்கர் பேனா வாங்கிவந்தாள். முதல் சட்டையிலேயே அழுத்தி வைத்ததில் புள்ளி பரவிவிட்டது. சுபாஷிணி பேனாவை வாங்கிக்கொண்டாள். சட்டை, போர்வை, டார்ச், தட்டு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். புள்ளி புள்ளியாக நின்றது, கோடு கோடாக நின்றது. வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய கைபோல இருந்தது. அப்பனுக்குப் பிறந்தது என்று கற்பகம் நினைத்துக்கொண்டாள்.

கடைசித் துண்டை மடித்து வைக்கும்போது பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"குறி போட்டது எங்க போனாலும் திரும்பி வந்திரும், அல்லேம்மா?"

"வராம பின்ன? உங்கப்பா ஒரு கர்ச்சீப்பாவது தொலைச்சிருக்காரா?"

சுபாஷிணி தலையாட்டினாள்.

வேன் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. ஏறும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். டிரைவர் இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகுதான் விட்டாள். வேன் சந்து திரும்புகிறவரை கற்பகம் சிரித்த முகமாகவே நின்றாள். அப்பாடா, ஒன்றும் தெரியாமல் அனுப்பியாயிற்று.

உள்ளே வந்து பச்சைப் பையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள்.

மேலே இருந்த நைட்டியின் கழுத்து உள்பக்கம் தெரியத் திரும்பிக் கிடந்தது. மூன்று புள்ளி, ஒரு கோடு.

துண்டிலும் இருந்தது. உள்பாவாடையில் இருந்தது. பிளாஸ்டிக் டம்ளரின் அடியில், சோப்பு டப்பாவில், சீப்பின் பிடியில், எல்லாவற்றிலும் இருந்தது. ஆஸ்பத்திரி ஃபைலின் மூலையிலும் இருந்தது. அந்த ஃபைலுக்குள் இருந்ததெல்லாம் கற்பகத்துக்கு வாசிக்கத் தெரியாத இங்கிலீஷ் காகிதம். சுபாஷிணிக்கு வாசிக்கத் தெரியும்.

பைக்கு அடியில், பாலிதீன் கவரில் சுற்றி, மூடி இறுக்கிய மைக்குப்பியும் குறி போடுகிற குச்சியும். மை கொட்டவே இல்லை.

முத்துவேல் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டபோது கற்பகம் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். உடுத்தியிருந்த சேலையில் மட்டும் குறி இல்லை. முந்தானை ஓரத்தைத் திருப்பி முழங்கால்மேல் விரித்துக்கொண்டு, குச்சியை மையில் தோய்த்து, முதல் புள்ளியை வைத்தாள்.