பிறந்த வீட்டுக் கோடி

தச்சநல்லூர் வீட்டு முற்றத்தில் வெயில் ஏறிப் பாடையின் பச்சை மூங்கிலைத் தொட்டுவிட்டது. சங்கு ஊதுகிறவன் மூச்சு வாங்குகிறான். ஒப்பாரி வைக்கிற பெண்களின் கண்ணெல்லாம் வாசலில்தான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி வராமல் பாடை தூக்க மாட்டார்கள். புருஷனின் கால்மாட்டில், முரட்டு உள்ளூர்ச் சேலையில் சொர்ணாம்பாள் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். வயலை விற்றுச் சுதேசிக் கப்பலில் போட்டுத் தோற்ற மனுஷன். அந்தக் கப்பல் விட்ட தலைவரை ஜெயிலுக்குக் கொண்டுபோன அன்று, கூட்டத்தோடு போய் அவள் அண்ணனின் சீமைத்துணிக் கடைக்குத் தீ வைத்ததும் இவர்தான். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அண்ணன் இந்தப் படி மிதிக்கவில்லை. "அண்ணன்காரன் வந்தாச்சு, வழி விடுங்க" என்கிறாள் ஒருத்தி. கக்கத்தில் பொட்டலத்தோடு அம்பலவாணன் வருகிறான். பிணத்தின் பக்கம் அவன் திரும்பவேயில்லை. பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைச் சீமைத்துணியைத் தங்கச்சியின் தோளில் போடுகிறான். பூ மாதிரி விழுகிறது. விழுந்ததும் புகை நெடி மூக்கில் ஏறுகிறது. அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பைய சொல்லுகிறான்: "ஏளா சொர்ணம், அன்னைக்குத் தீயில தப்புனது இது ஒண்ணுதான். உனக்குன்னு அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன்." சங்கு மறுபடி ஊதுகிறது. கருகிய முனையை, பெண்கள் பார்க்குமுன், அவள் அவசரமாக மடியில் செருகிக்கொள்கிறாள்.