கிலி பிடித்தவர்கள்

"அண்ணி, இந்தக் கொடுமையைக் கேளுங்களேன்! 'என் பச்சைக் கிலியைக் காணவில்லை. கிலி பிடித்தவர்கள் உடனே தகவல் தரவும்'னு நம்ம தெரு வாட்ஸப் குழுவுல போட்டிருக்காரு அந்த எதிர்வீட்டு மாடி மனுஷன். இதைப் படிச்சு எனக்குத்தான் கிலி பிடிச்சிருக்கு!"

அண்ணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "பாவம் அந்தக் கிளி. தன் பேரை எழுதுற லட்சணத்தைப் பாத்துட்டுத்தான் பறந்திருக்கும்."

நாத்தனார் அதற்குள் போனில் பதில் தட்டிவிட்டாள். 'கிலி என்றால் பயம். பறவைக்குக் கிளி.'

நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை அவளுக்கு. ஒரு எழுத்து மாறினால் ஒருவன் வீடு இன்னொருவனுக்குப் போய்விடும் என்ற பயத்திலேயே பதினான்கு வருடம் ஓட்டியவள். தன்னை மணக்க விருப்பம் தெரிவித்து ஒருவர் எழுதிய கடிதத்தில் ஏழு பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, முப்பத்தாறு வயதிலும் அண்ணன் வீட்டில் நிம்மதியாக இருந்தாள். தெருக்காரர்களின் வாட்ஸப் குழு வந்துதான் அந்த நிம்மதியைக் கெடுத்தது.

தண்ணீர், மின்சாரம், குப்பை வண்டி, இந்த மூன்றுக்காக மட்டும் என்று மருந்துக்கடைக்காரர் தொடங்கிய குழு. விடிந்தால் இருபத்தேழு பேர் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பழைய சோபாவை விற்பார். 'தண்ணீர் வருகிறதா?' என்று யாராவது கேட்டால் பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள்; வருகிறதா இல்லையா என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பிழைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. 'நாளை பல்லிக்கு விடுமுறையா?' என்று ஒரு தாய் கேட்டபோது, 'பல்லிக்கு என்றைக்கும் விடுமுறைதான். பள்ளிக்கு இல்லை' என்று போட்டாள். தெருவே அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர் வைத்தது.

கோபித்துக்கொள்ளாத ஒரே ஆள், இரண்டு மாதம் முன்பு எதிர்வீட்டு மாடிக்குத் தனியாகக் குடிவந்தவர்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும், 'நண்றி' என்று பணிவாகப் பதில் போடுவார்.

'றகரத்துக்கு முன்னால் இரண்டு சுழி ன்தான் வரும்' என்று அவள் விளக்குவாள்.

'புரிந்தது. மிக்க நன்ரி.'

"பைத்தியம் பிடிக்குது அண்ணி!"

"பிடிக்குதா? காலையிலேருந்து நாலு தடவை போனை எடுத்து, இன்னும் ஒண்ணும் போடலையேன்னு பாத்தியே. நான் கவனிக்கலைன்னு நினைச்சியா?"

"தப்பு பெருகிடக் கூடாதுன்னு பாத்தேன்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை குண்டு விழுந்தது. மருந்துக்கடைக்காரரே வாக்கெடுப்பு வைத்துவிட்டார். 'சிவப்பு மை மேடத்தைக் குழுவிலிருந்து நீக்கலாமா?' பத்தே நிமிடத்தில் முப்பத்தொரு பேர் 'நீக்கலாம்.' 'வேண்டாம்' என்றவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அண்ணன், ஒருவர் அண்ணி, மூன்றாவது அவளே.

"போகட்டும் விடு" என்றாள் அண்ணி. நாத்தனாருக்கோ கண் கலங்கிவிட்டது. குழு போனால் போகட்டும். இனி அந்த நண்றியும் வராதே!

அப்போது மாடி வீட்டுக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'அனைவருக்கும் வணக்கம். குடிநீர்த் தொட்டியைக் கழுவி மருந்து தெளித்த இரண்டு நாள்களும் அத்தண்ணீரைக் குடிக்கலாம் என்று சென்ற மாதம் இக்குழுவில் அறிவிப்பு வந்தது. நாம் எல்லாரும் கட்டைவிரலைத்தான் உயர்த்தினோம். குடிக்கலாகாது என்று ஒருவர் மட்டுமே திருத்தினார். நம் வயிற்றைக் காப்பாற்றியவரையா வெளியே தள்ளப் போகிறோம்?'

உடனே வாக்குகள் மளமளவென்று புரண்டன. பல்லித் தாய்கூட மாற்றிப் போட்டாள். 'அந்த அறிவிப்பை எழுதினது நான்தான், மன்னிக்கவும்' என்று மருந்துக்கடைக்காரர் வாக்கெடுப்பையே அழித்துவிட்டார்.

"ஜெயிச்சுட்டடி!" என்று அண்ணி குதித்தாள்.

அவளோ அந்தச் செய்தியையே நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். "அண்ணி... ஒரு தப்புகூட இல்ல. ஒற்றெல்லாம் சரியா விழுந்திருக்கு. நாட்கள்னு போடாம நாள்கள்னு போட்டிருக்காரு!"

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்து மாடிப்படி ஏறினாள். கதவைத் திறந்தவரின் காதில் சிவப்புப் பேனா செருகியிருந்தது. பின்னால் மேசை நிறைய அச்சுத்தாள்கள்; ஓரமெல்லாம் சிவப்புத் திருத்தங்கள்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"அகராதி அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துறேங்க. பதினாறு வருஷமா."

"அப்போ இத்தனை நாளா எழுதினதெல்லாம்?"

"ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதினதுங்க, கை கூசும். ஆனா சரியா எழுதினா நீங்க எதுக்குப் பதில் போடப் போறீங்க?"

அவருக்கு அதற்குமேல் பேச வெட்கம். எதிரெதிரே நின்றபடியே போனை எடுத்து ஏதோ தட்டினார். அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது.

'நம் மணத்தைப் பற்றி உங்கள் அண்ணியிடம் பேசலாமா?'

"மனத்துக்கு ரெண்டு சுழிங்க, மூணு இல்ல" என்றாள் பழக்க தோஷத்தில்.

"தெரியுங்க" என்றார் அவர். "நான் கேட்டது மூணு சுழிதான்."