பூனை பாஷை வகுப்பு

தப்பாகச் சொல்லிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே என்று செவலைக் கோழிக்கு ஒரே பயம். அதனால் கிளி டீச்சர் போனில் நடத்திய பூனை பாஷை வகுப்பில் அது ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்க்கவில்லை. குஞ்சுகளைத் தூக்க வரும் கடுவன் பூனையைப் பேசிச் சமாளிக்கத்தான் அந்த வகுப்பே நடந்தது.

பக்கத்துக் கூட்டு வாத்தோ தப்பும் தவறுமாகக் கத்திக் கத்தியே டீச்சரிடம் பாராட்டு வாங்கியது. கோழிக்கு வயிறு எரிந்தது. வாத்தின் படத்தை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "குளிச்சு மினுக்கிட்டு வந்துட்டா பாரு மகராணி!" என்று தினமும் பொருமியது.

"பாடம் புரியுதா செவலை?" என்று டீச்சர் கேட்டால், "இங்கே சிக்னலே சரியில்லை டீச்சர்" என்று சொல்லிவிடும்.

ஒரு மத்தியானம் கடுவன் பூனை வந்தேவிட்டது. கூட்டு வாசலில் உட்கார்ந்து நயமாக ஏதோ சொன்னது. கோழிக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இத்தனை நாள் வகுப்பில் அது பார்த்ததெல்லாம் வாத்தின் மூஞ்சியைத்தான்.

"அக்கா, குஞ்சுகளை விளையாடக் கூப்பிடுறான். அனுப்பிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வாத்து குறுக்கே வந்து நின்றது. பிறகு பூனையிடம் அதன் பாஷையிலேயே, வைக்கோல் போருக்குப் பின்னால் நாய் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தது. பூனை தயங்கியது.

கோழி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு போய் வாத்தின் முதுகுக்குப் பின்னால் ஒண்டியது. ஒண்டிய இடத்திலிருந்து குஞ்சுகளிடம் கிசுகிசுத்தது: "உச்சரிப்பு கொஞ்சம் மட்டம்தான். ஆனா யாரும் இங்கேருந்து நகராதீங்க."