நூலாகும் நட்சத்திரம்

கரும்பலகையில் ஹஃபீஸா ஒரு பெரிய வட்டம் போட்டு, உள்ளே முழுக்கச் சாக்பீஸால் தீட்டினாள். கருந்துளை என்கிறீர்கள், வெள்ளையாக இருக்கிறதே என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா நூர்பானு சிரிக்கவில்லை.

சின்ன மகள் ரமீஜாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நூர்பானு வாயைத் திறப்பதில்லை. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். டாக்டர், தர்கா எல்லாம் பார்த்தாயிற்று. புனேயில் வானியல் ஆராய்ச்சி செய்யும் மூத்தவள் ஹஃபீஸா லீவில் வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டதும், ராஜபாளையத்திலிருந்து அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள். மகள் பேசுவதைப் பார்த்தாவது ஒரு வார்த்தை வராதா என்ற நப்பாசை. திட்டினால்கூடப் போதும்.

வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் வரைந்தாள்.

கிட்டே வந்துவிட்ட நட்சத்திரத்தை ராட்சசக் கருந்துளை ஒரே வாயாக விழுங்கிவிடாது என்றாள். கிட்டே இருக்கும் பக்கத்தைப் பலமாக இழுக்கும். தள்ளி இருக்கும் பக்கத்தில் இழுப்பு குறைவு. நட்சத்திரம் நீண்டு நீண்டு பிய்ந்துபோகும். பாதி வெளியே சிதறும், பாதி உள்ளே போகும். அப்போது கிளம்புகிற வெளிச்சம் நம்மிடம் வந்து சேரப் பல கோடி வருஷம் ஆகும்.

மில்லில் பஞ்சு நூலாகிற மாதிரியா என்று மம்சாபுரத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இந்தப் பக்கத்தில் எதைச் சொன்னாலும் மில்லில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஹஃபீஸாவும் மில்காரி மகள்தானே. அதே மாதிரிதான் என்று சட்டென்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நூர்பானு எழுந்து நின்றிருந்தாள்.

"ஏட்டி, செத்த முன்னாடியே சுவிட்ச அமத்தியிருந்தா, அது தப்பிச்சிருக்குமா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் அதட்டினார்.

அம்மாவின் குரல் திரும்பிவிட்டது. ஹஃபீஸா சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

மில்லில் ரமீஜாவின் துப்பட்டா நூற்கும் மெஷினில் சிக்கியபோது பக்கத்தில் நின்றவள் நூர்பானு. அவள் சுவிட்சுக்கு ஓடவில்லை. மகளின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, பலம் கொண்ட மட்டும் இந்தப் பக்கம் இழுத்தாள். கை ஓய்ந்த பிறகுதான் சுவிட்சுக்கு ஓடினாள்.

"இல்லம்மா. அம்புட்டு கிட்ட போன பொறவு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

 நூர்பானு உட்கார்ந்துகொண்டாள்.

ஹஃபீஸா சொன்னது நட்சத்திரத்துக்குச் சரி. நூர்பானு கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மெஷினை ஓட்டியவள். சுவிட்சைத் தட்டினால் அது எவ்வளவு சீக்கிரம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.