படகு கவிழ்ந்த தேதி

“இந்த வரியை எடுத்தது யாரு சார்?” என்று அதட்டலாகக் கேட்கத்தான் புரூஃப் ரீடர் போனார். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் அதட்டல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது; கேள்வி மட்டும் மெல்ல வெளியே வந்தது.

“நான்தான். அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல சார்.”

தினசரி காலண்டர் அச்சடிக்கும் இடம் அது. ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘வரலாற்றில் இதே நாள்’ என்று நாலு வரி வரும். எங்கோ ஒரு ராஜா முடிசூடியது, இன்னொரு ராஜா தலையிழந்தது, யாரோ பலூனில் பறந்து மரத்தில் மாட்டிக்கொண்டது எல்லாம் உண்டு. இந்த ஊர் ஆற்றிலேயே படகு கவிழ்ந்து முப்பது பேர் செத்தது மட்டும் சிவப்பு மையால் அடித்து நீக்கப்பட்டிருந்தது.

ஒற்றெழுத்து விட்டுப்போனாலே புரூஃப் ரீடருக்குத் தூக்கம் வராது. ஒரு படகே விட்டுப்போனால்? நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாளைத் தேடிப் பிடித்தார். செத்தவர்கள் வெறும் எண்ணிக்கையாக இருந்தார்கள். படகின் சொந்தக்காரர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

முதலாளியின் அப்பா!

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார்” என்று வீட்டில் பொருமினார்.

“உங்களுக்கேன் வம்பு? சேர்ந்தே மூணு மாசம்தான் ஆச்சு. வேலை போனா சரித்திரம் வந்து சோறு போடுமா?” என்றாள் மனைவி.

இருந்தும் மறுநாள் அந்த வரியைச் சேர்த்து அச்சுப் பிளேட் போட வைத்து, தானே மெஷின் ரூமுக்கு எடுத்துப் போனார்.

மெஷின்காரர் அதிகம் பேசாத மனிதர். “முதலாளி பார்த்துட்டாரா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“பார்த்துட்டார்ண்ணே.”

பிழை திருத்துகிறவர் தெரிந்தே விட்ட பிழை அது.

இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. முதலாளி கேட்டால் சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்தார்.

சட்டென்று மெஷின் நின்றது.

ஈர மையோடு ஒரு தாளைப் பிடித்தபடி முதலாளி வந்து நின்றார். “யாரைக் கேட்டுய்யா சேர்த்தே?”

ஒத்திகையில் பாதி மறந்துபோயிற்று. “நடந்த விஷயம் சார் இது. உங்கப்பா படகுங்கறதுக்காக மறைக்கலாமா?”

“எங்கப்பா படகுன்னு கொட்டை எழுத்துலயே போடுய்யா. ஊருக்கே தெரிஞ்சதுதானே.”

“அப்ப... ஏன் சார்?”

முதலாளி திரும்பிப் பார்த்தார். மெஷின் ரூம் வாசலில், கையில் வழிந்த மையைக்கூடத் துடைக்காமல் மெஷின்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளியின் குரல் இறங்கியது. “அவர் பொண்டாட்டியும் குழந்தையும் அந்தப் படகுலதான் போனாங்க. காலண்டர் வாங்கறவங்க ஒரு தடவை படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடுவாங்கய்யா. இவர் அதை இருபதாயிரம் தடவை அடிக்கணும்.”