ஒரே ஒரு சோயா

அயோவாவின் அந்தச் சிற்றூரில் கட்சிக் கமிட்டி என்றால், தலைவர் வெண்டலையும் சேர்த்து, ஏழு விவசாயிகள். நேற்றுக் கட்சிக்குள் வந்து இன்று அதிபராகிவிட்டவரின் பேச்சை மீறுகிறவர்களை நீக்கிவிடலாமா என்று ரகசிய ஓட்டு நடந்தது. சம்மதம் என்றால் மக்காச்சோளம், இல்லையென்றால் சோயா. காப்பித்தூள் டப்பாவில் ஆளுக்கொன்றாகப் போட்டார்கள்.

வெண்டல் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"ஆறு சோளம், ஒரே ஒரு சோயா. தீர்மானம் ஜெயிச்சாச்சு. ஆனா கூடவே இருந்து குழி பறிக்கிறது யாரு?"

அவர் பார்வை மெர்ல் மேல் நின்றது.

"என்னை ஏன்யா பார்க்குறே? என் தொப்பியிலயே அதிபர் பேர் இருக்கு!"

"தொப்பி போட்டவன் எல்லாம் யோக்கியனா?" என்று சீறினாள் லோர்னா.

"நீ ஏன் இந்தக் கத்து கத்துற?" என்றார் மெர்ல்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே கலைந்தார்கள்.

டப்பா லோர்னாவுடையது. கழுவ எடுத்தவள், வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடியைத் திறந்தாள். தான் போட்ட சோயாவை முதலில் ஒழித்துவிட வேண்டும்.

உள்ளங்கையில் கவிழ்த்தாள். எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறு சோயா. ஒரே ஒரு சோளம்.